வில்லுப்பாட்டுச் செட்டும் யூடியூப் சேனலும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், இராசபாளையத்திற்கும் தென்காசிக்கும் இடையே கொல்லம்–திருமங்கலம் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள சிவகிரி, நெல்லும் கரும்பும் எலுமிச்சையும் விளையும் ஊர். முன்பு ஜமீனாக விளங்கி, சந்தைக்கும் அலுவலுக்கும் சங்கரன்கோவிலை நாடிப் பழகி, 2019 நவம்பர் 22 அன்று தென்காசி மாவட்டம் உருவானபின் அம்மாவட்டத்தின் வட்டத் தலைநகரங்களுள் ஒன்றாக இருந்துவருவது. படம் எடுக்கவும் அதை வெட்டிச் சேர்க்கவும் ஊரறியச் செய்யவும் முன்பு சென்னைக்குப் போகவேண்டியிருந்த இவ்வூர் இளைஞரின் சட்டைப்பையில் இன்று அம்மூன்றையும் செய்யும் கைப்பேசி இருக்கிறது. ஆகவே, என்ன ஆகப்போகிறாய் என்ற கேள்விக்கு 'யூடியூபர்' என்றோ 'இன்ஃபுளூயன்சர்' என்றோ விடை வருவதில் வியப்பொன்றும் இல்லை. அவ்விடையைச் சோம்பலின் அறிகுறியாகக் கொள்ளும் பெரியவர்களும், ஒரு ரீல்ஸ் 'வைரல்' ஆகிவிட்டால் வாழ்க்கை அமைந்துவிடும் என்று நம்பும் இளையவர்களும் ஒருசேர மறந்துபோன செய்தி ஒன்று உண்டு. கலையைத் தொழிலாகக் கொண்டு பிழைப்பது இத்தென்சீமைக்குப் புதிதன்று. அதற்குரிய கணக்கும் கட்டுப்பாடும் இங்கே நெடுங்காலமாகப் புழங்கிவந்தவை.

தென்மாவட்டங்களில் அம்மன், சுடலைமாடன், சாஸ்தா முதலிய தெய்வங்களுக்கு எடுக்கும் திருவிழா 'கொடை' எனப்படும். கொடையின் இரவுப் பொழுதைத் தாங்கி நிற்கும் கலை வில்லுப்பாட்டு. அண்ணாவி அல்லது புலவர் என்று அழைக்கப்படும் தலைமைப் பாடகர் வில்லின் நாணை வீசுகோலால் தட்டிக் கதையைப் பாட, குடமும் உடுக்கையும் தாளமும் கட்டையும் இசைப்போரும் பின்பாட்டுக்காரர்களும் சேர்ந்த குழுவை மக்கள் 'செட்டு' என்பார்கள். ஊரார் அச்சாரம் என்னும் முன்பணம் கொடுத்து நாளைக் குறிப்பார்கள்; பேசிய தொகை செட்டில் உள்ளவர்களுக்குப் பங்காகப் பிரியும்; கொடைக்காலத்தில் அடுத்தடுத்த இரவுகளில் வேலை இருக்கும், மற்ற மாதங்களில் வயலோ வேறொரு கைத்தொழிலோ குடும்பத்தைக் காக்கும். ஒரு செட்டின் பெயர் சுற்றுவட்டாரமெங்கும் பரவுவது பெருமைக்குரியதாகவே கருதப்பட்டது. ஆயினும் அப்பெயர் அடுத்த அச்சாரத்தை அழைத்துவரும் வழியாக மதிக்கப்பட்டதேயன்றி, அதுவே கூலி என்று எந்த அண்ணாவியும் எண்ணியதில்லை.

நாடக மேடையின் வரலாறு இதனினும் தெளிவானது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிக் கொடுத்த நாடகப் பாடங்கள் மேடைக்கலைஞர் அனைவர்க்கும் பொதுவாக மனப்பாடமாகியிருந்ததால், வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்பட்ட நடிகர்கள் ஒத்திகை ஏதுமின்றி அன்றிரவே ஒரே மேடையில் சேர்ந்து நடிக்க முடிந்தது. 'ஸ்பெஷல் நாடகம்' என்று பெயர்பெற்ற அம்முறை மதுரையை நடுவாகக் கொண்டு இன்றும் நடைபெறுகிறது. இன்றைய யூடியூபர்கள் 'கொலாப்' என்று சொல்லும் கூட்டு முயற்சிக்கு இது முன்னோடி எனலாம், ஒரு பெரிய வேறுபாட்டுடன்: அங்கே சேர்ந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பாடத்தை முழுதாகக் கற்றுத் தேர்ந்தவர்கள். சிவகிரியிலிருந்து ஓரிரு மணி நேரப் பேருந்துத் தொலைவிலுள்ள செங்கோட்டையில் 1906இல் பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பா, 27 வயதில் மறைவதற்குள் தமிழகமெங்கும் கொண்டாடப்பட்ட பாடகராக உயர்ந்ததைப் பலரும் வியந்து பேசுவர். அவர் சிறுவயதிலேயே நாடகக் குழுவில் சேர்ந்து இரவிரவாகப் பாடிப் பழகிய ஆண்டுகளைப் பேசுவோர் குறைவு. திருநெல்வேலிச் சீமையில் 1928இல் பிறந்த சுப்பு ஆறுமுகமோ, நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனால் சென்னைக்கு அழைத்துச் செல்லப்பட்டபின், திரைப்படத்திற்கு நகைச்சுவைப் பகுதிகள் எழுதியும், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வில்லிசைத்தும், கோயில் கதைகள் இருந்த இடத்தில் காந்தியின் கதையைப் பாடியும், 2021இல் பத்மஸ்ரீ விருது பெறும் அளவுக்கு நிலைத்து நின்றார். ஊடகம் அவர் காலத்தில் மும்முறை மாறியது; கையிலிருந்த வில் மாறவில்லை.

இப்பின்னணியுடன் இன்றைய தளங்களின் பணப்போக்கைப் பார்க்கலாம். யூடியூப் தன் காணொளிகளுக்கு இடையே காட்டும் விளம்பரத்தால் பெறும் வருவாயில் ஒரு பகுதியைப் படைப்பாளருக்குத் தருகிறது. அதற்குத் தகுதி பெறுவதையே பேச்சுவழக்கில் 'மோனிடைஸ் ஆவது' என்கிறார்கள். இந்த விளம்பரப் பங்கிற்குரிய பொதுவான தகுதி, 1,000 சந்தாதாரர்களும், அதனுடன் கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையோ, கடந்த 90 நாட்களில் 1 கோடி ஷார்ட்ஸ் பார்வைகளோ ஆகும். நீண்ட காணொளிகளின் விளம்பர வருவாயில் 55 விழுக்காடு படைப்பாளரைச் சேரும். மூன்று நிமிடம் வரை ஓடும் ஷார்ட்ஸ்களுக்கோ, எல்லோருடைய விளம்பர வருவாயும் ஒரு பொதுத்தொகுப்பில் சேர்க்கப்பட்டு, இசைக்கான செலவு கழிக்கப்பட்டு, அவரவர் பார்வைக்கேற்பப் பிரித்த பங்கில் 45 விழுக்காடு கிடைக்கும்.

4,000 மணி நேரம் என்பது கேட்கும்போது சிறிதாகத் தோன்றும். அதை நிமிடமாக்கினால் 2,40,000 நிமிடங்கள். பத்து நிமிடக் காணொளி ஒன்றைப் பார்க்கத் தொடங்குவோர் சராசரியாக நான்கு நிமிடம் பார்ப்பதாகக் கொண்டால், ஓராண்டுக்குள் 60,000 முறை அது பார்க்கப்பட்டாக வேண்டும். ஷார்ட்ஸ் வரிசையில் கிடைக்கும் பார்வை நேரம் இக்கணக்கில் சேராது என்பதால், ஒரே ஒரு குறும்பதிவு பல இலட்சம் பேரை எட்டி ஊரையே பேசவைத்தும் மோனிடைஸ் ஆகாமல் நிற்கும் சேனல்கள் உண்டு. தகுதி பெற்ற பின்பும் ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்ற நிலையான கூலி கிடையாது. பார்ப்பவர் எந்த நாட்டவர், பொருள் எத்தகையது, மாதம் எது என்பவற்றைப் பொறுத்து அது ஏறி இறங்கும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் வணிக நிறுவனங்கள் விளம்பரத்திற்குப் போட்டியிடுவதால் கூலி உயரும். பண்டிகைகள் ஓய்ந்த ஜனவரியில் தாழும். கொடைக்காலமும் ஓய்வுக்காலமும் அறிந்த மண்ணுக்கு இது புரியாத செய்தியன்று. இன்ஸ்டாகிராமில் யூடியூபைப் போன்ற நிலையான விளம்பரப் பங்கு முறை இல்லாததால், அங்கே பின்தொடர்வோர் எத்தனை பேராயினும், வருவாய் பெரும்பாலும் கடைகளும் நிறுவனங்களும் தரும் 'புரொமோஷன்' பணமாகவே வரும்.

தளத்தின் நிலையாமையைத் தென்மாவட்டத்தார் நேரிலேயே கண்டிருக்கிறார்கள். டிக்டாக் செயலியைப் பதிவிறக்குவதற்குத் தடைவிதிக்குமாறு 2019 ஏப்ரல் 3 அன்று உத்தரவிட்டது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே. அத்தடை அதே மாதம் 24ஆம் நாள் விலக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளை முடக்கியபோது டிக்டாக் இந்தியாவிலிருந்து அடியோடு மறைந்தது. அதில் சேர்த்துவைத்திருந்த பின்தொடர்வோரை வேறிடத்திற்குத் தூக்கிச்செல்ல எவராலும் இயலவில்லை. கருப்பட்டிக்குப் பெயர்போன உடன்குடியில் மரவேலை செய்துவந்த ஜி.பி. முத்து, அச்செயலியால் அறியப்பட்டவர்களுள் ஒருவர். அவர் யூடியூபுக்கு வந்து, தமக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் படிப்பதையே ஒரு நிகழ்ச்சியாக்கி, 2022இல் பிக்பாஸ் ஆறாம் பருவத்தில் பங்கேற்றுச் சில நாட்களிலேயே தாமாக வெளியேறி, திரைப்படங்களிலும் தோன்றினார். அவரை நிலைநிறுத்தியது கடற்கரைப் பகுதியின் கலப்பில்லாத பேச்சுவழக்கும், எதிர்பாராத இடத்தில் வந்துவிழும் நகைச்சுவையும் ஆகும். அவை எந்தச் செயலிக்கும் சொந்தமில்லாதவை என்பதால் உடன் வந்தன. அவரைப் போலவே அன்று டிக்டாக்கில் ஆடிப்பாடி இலட்சக்கணக்கானோரைச் சேர்த்திருந்த வேறு பலருடைய பெயர் இன்று எவருக்கும் நினைவில்லை.

உழைப்பைத் தொழிலாக மாற்றிய எடுத்துக்காட்டுகளுள் மிகவும் ஆழ்ந்து ஆராயத்தக்கது புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்திலிருந்து 2018இல் தொடங்கப்பட்ட 'வில்லேஜ் குக்கிங் சேனல்'. விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து இளைஞர்களும், விருந்துச் சமையலில் நெடுங்காலப் பழக்கமுள்ள அவர்களுடைய தாத்தா பெரியதம்பியும் வயல்வெளியில் அடுப்பு மூட்டிப் பேரளவில் சமைத்ததே அதன் உள்ளடக்கம். 2021 ஜனவரியில் ராகுல் காந்தி அவர்களுடன் அமர்ந்து உண்டதும், அதே ஆண்டு ஜூலையில் சந்தாதாரர் எண்ணிக்கை 1 கோடியைத் தாண்டியதும், அப்போது முதலமைச்சர் நிவாரண நிதிக்கு 10 இலட்சம் ரூபாய் வழங்கப்பட்டதும், 2022இல் வெளிவந்த 'விக்ரம்' திரைப்படத்தில் அக்குழு தோன்றியதும் செய்தித்தாள்கள் விரும்பி எழுதிய பகுதிகள். எழுதப்படாமல் போனது அதன் அமைப்பு. தாத்தாவின் கைப்பக்குவம் சேனலுக்கு முன்பே முழுமையடைந்திருந்தது. சமைப்பவர், பொருள் திரட்டுபவர், படம் எடுப்பவர், தொகுப்பவர் என்று வேலை பிரிந்திருந்தது. சொல்லைவிடக் காட்சியே முதன்மை பெற்றதால் தமிழறியாதவரும் பார்க்க முடிந்தது. சுருங்கச் சொன்னால், அது ஒரு செட்டு. அந்தச் செட்டுக்கு அண்ணாவியும் உண்டு, பின்பாட்டும் உண்டு. தனியொருவர் தம் முகத்தை மட்டும் நம்பித் தொடங்கும் சேனல்கள் ஓராண்டுக்குள் களைத்துப்போவதற்கும் இக்குடும்பம் களைக்காமல் இருந்ததற்கும் உள்ள வேறுபாட்டை இப்பங்கீட்டிலேயே தேடவேண்டும்.

சமையல் ஒன்றே வழியென்பதில்லை. வரலாற்றைக் கதைபோலத் தமிழில் சொல்லிவரும் 'கீர்த்தி ஹிஸ்டரி' சேனலின் கீர்த்திகா கோவிந்தசாமி, 2024 மார்ச் 8 அன்று டெல்லியில் வழங்கப்பட்ட முதலாவது தேசியப் படைப்பாளர் விருதுகளில் சிறந்த கதைசொல்லியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். படித்துத் திரட்டிய செய்தியே அவருடைய முதலீடு. திரைத்துறையை நோக்குவோர்க்கு வேறொரு பாதை உண்டு. பாலாஜி மோகன் தாம் எடுத்த 'காதலில் சொதப்புவது எப்படி' என்ற குறும்படத்தை அதே பெயரில் 2012இல் முழுநீளப் படமாக்கினார். பிரதீப் ரங்கநாதனின் குறும்படம் ஒன்றிலிருந்து வளர்ந்ததே 2022இல் வெளிவந்த 'லவ் டுடே'. இவ்விருவர்க்கும் இணையம் பயன்பட்டது, ஒரு தயாரிப்பாளரிடம் எடுத்துக்காட்டத்தக்க மாதிரிப் பணியாக. இருபது வரிக் கதைச்சுருக்கத்தைவிடப் பத்து நிமிடப் படம் வலுவான சான்று. இதைப் புரிந்துகொண்டவர்கள் பார்வை எண்ணிக்கையைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை.

இனி சிவகிரிக்கே திரும்பினால், இவ்வட்டாரத்தில் ஒரு படைப்புத் தொழில் எவ்வாறு அமையக்கூடும் என்ற கேள்வி எழும். முதலில் கண்ணில்படுவது பொருள்வளம். பாளையக்காரர் பூலித்தேவனின் நெற்கட்டும்செவல் பேருந்தில் எளிதாகச் சென்றுவரும் தொலைவில் உள்ளது. புளியங்குடி எலுமிச்சைச் சந்தை, சங்கரன்கோவில் விசைத்தறிகள், அங்கே நடைபெறும் ஆடித்தபசுத் திருவிழா, மலையடிவாரத் தோட்டங்களில் யானை இறங்கும் இரவுகள், குளத்துப்பாசனம் என்று சென்னையிலிருந்து வரும் படப்பிடிப்புக் குழு ஒரு வாரத்தில் அள்ளிச்செல்ல முடியாத செய்திகள் இங்கே குவிந்திருக்கின்றன. எலுமிச்சைக்கு விலை எப்படி நிர்ணயமாகிறது என்பதை விளக்கும் ஒழுங்கான காணொளி ஒன்று, திரைப்பாடலுக்கு வாயசைக்கும் ஆயிரம் ரீல்ஸ்களைவிட நெடுநாள் பார்க்கப்படும். மற்றவர் செய்ததையே செய்வதற்கு உள்ளூரில் பிறந்திருக்கவேண்டிய தேவையே இல்லை. நாட்டார் கதைகளையும் கலைகளையும் முறையாகக் கற்க விரும்புவோர்க்குப் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையும், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு ஆகியவற்றைத் தொழிலாகப் பயில விரும்புவோர்க்குச் சென்னை தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். அரசுத் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனமும் உள்ளன.

அடுத்தது, முகம் காட்டாத வேலைகள். ஒரு சேனல் ஓடுவதற்குக் கதை எழுதுபவர், படத்தொகுப்பாளர், ஒலியைச் செம்மை செய்பவர், பார்ப்பவரைச் சொடுக்கவைக்கும் முகப்புப் படமாகிய 'தம்ப்னெயிலை' வடிவமைப்பவர், பின்னணிக் குரல் தருபவர் எனப் பலர் தேவைப்படுகின்றனர். இவர்களுள் பெரும்பாலோர் எந்த ஊரிலிருந்தும் வேலை செய்யலாம். இராசபாளையம், சங்கரன்கோவில், தென்காசி ஆகிய ஊர்களின் ஜவுளிக்கடைகளுக்கும் நகைக்கடைகளுக்கும் திருமண மண்டபங்களுக்கும் இன்று விளம்பரக் காணொளி தேவைப்படுகிறது. கல்யாண வீட்டில் படம் பிடிப்பவருக்கும் ரீல்ஸ் தனியாக வெட்டித் தர ஆள் தேவைப்படுகிறது. பெயர் வெளியே தெரியாத இவ்வேலைகளை இளைஞர்கள் இழிவாக எண்ணுவது வருந்தத்தக்கது, ஏனெனில் மாதந்தோறும் வரும் பணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. பகலில் பிறருக்குத் தொகுத்துக் கொடுத்து ஈட்டிய பணத்தில் மாலையில் தம் சேனலை நடத்துபவர், அடுத்த மாத மின்கட்டணத்தைக் கட்டுவதற்காகத் தகாத செயலைப் படமெடுக்கும் நெருக்கடிக்கு உள்ளாவதில்லை. 2023இல் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் இருசக்கர வாகன சாகசம் செய்து விபத்துக்குள்ளான யூடியூபர் ஒருவரின் ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுகளுக்கு இரத்து செய்யப்பட்டது, பார்வைக்காகச் செய்யும் துணிச்சலுக்குக் கிடைத்த விலைகளுள் குறைந்த ஒன்றே. எலும்பும் உயிரும் போனவர்களும் உண்டு.

புரொமோஷன் பணத்தைத் தொடுவதற்கு முன் சட்டத்தை அறிந்திருக்கவேண்டும். பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு ஒன்றைப் பரிந்துரைப்பவர், அது விளம்பரம் என்பதைப் பார்ப்பவருக்கு எளிதில் விளங்கும்படி தெரிவிக்க வேண்டும் என்று மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரி 20 அன்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது; தவறான விளம்பரத்திற்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முதன்முறை 10 இலட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 இலட்சம் வரையும் தண்டத்தொகை விதிக்கலாம். புதிய சேனல்களைத் தேடிவந்து மிகுதியான பணம் தர முன்வருபவை பெரும்பாலும் பணம்கட்டி ஆடும் இணைய விளையாட்டுச் செயலிகளாகவே இருந்துவந்தன. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்தியச் சட்டம் அவற்றுக்கு விளம்பரம் செய்வதையே குற்றமாக்கி, ஈராண்டு வரை சிறைக்கும் 50 இலட்சம் ரூபாய் வரை தண்டத்திற்கும் வழிசெய்திருக்கிறது. எவ்வளவு சிறிய சேனலாக இருந்தாலும் இவ்விளம்பரத்தை மறுப்பதே அறிவுடைமை. பிறர் பாடலையும் காட்சியையும் உரிமையின்றி எடுத்தாள்வதும் அதைப் போன்றதே: 90 நாட்களுக்குள் மூன்று காப்புரிமைப் புகார்கள் உறுதியானால் யூடியூப் சேனலையே நீக்கிவிடும், பல ஆண்டு உழைப்பும் அதனோடு போகும்.

பெற்றோர்க்கு ஒரு சொல். பாய்ஸ் கம்பெனி எனப்பட்ட பழைய சிறுவர் நாடகக் குழுக்களில் சிறுவர்கள் கலை கற்றார்கள் என்பது உண்மையே. அடியும் பசியும் கண்விழிப்பும் பட்டார்கள் என்பதும் அன்று நடித்தவர்களே பின்னாளில் எழுதிவைத்த உண்மை. வீட்டுக் குழந்தையின் அழுகையையும் குறும்பையும் நாள்தோறும் படமெடுத்து வருவாய் தேடும் குடும்பச் சேனல்கள், கற்பித்தல் என்ற அந்த ஒரு நன்மையையும் கைவிட்டு, மற்றதை மட்டும் வைத்துக்கொண்டிருக்கின்றன. பதினெட்டு வயது நிறையாதவர் தம் பெயரில் வருவாய்க் கணக்கைத் தொடங்க இயலாது என்ற விதி, பிள்ளைக்குச் சேரவேண்டிய பணத்தைத் தனியே சேமித்துவைக்கும் பொறுப்பையும் பெற்றோரிடமே விட்டிருக்கிறது.

எஞ்சியிருப்பவை கணக்குப்புத்தக வேலைகள். விளம்பரத்திற்காக ஒரு நிறுவனம் தரும் கைப்பேசி, சுற்றுலா போன்ற பொருள்வகை நன்மைகளின் மதிப்பு ஆண்டுக்கு 20,000 ரூபாயைக் கடந்தால் 10 விழுக்காடு வரிப்பிடித்தம் செய்யும் முறை 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவிலுள்ள தமிழர்கள் பார்ப்பதால் வரும் பங்கிற்கு அந்நாட்டு வரியும் பிடிக்கப்படும், அதற்குரிய படிவத்தை நிரப்பிக் கொடுக்காதவருக்குக் கூடுதலாகப் பிடிக்கப்படும். யூடியூப் வருவாய் சேரும் கூகுளின் ஆட்சென்ஸ் கணக்கில் 100 டாலர் சேர்ந்தபின்பே பணம் வங்கிக்கு வரும். அதற்கு முன், 10 டாலர் சேரும் கட்டத்தில், முகவரியைச் சரிபார்ப்பதற்கான ஆறு இலக்க எண் ஒன்றை அந்நிறுவனம் அஞ்சலில், காகிதக் கடிதமாகவே, அனுப்பிவைக்கிறது. அக்கடிதத்திற்காகக் காத்திருப்பவர் வீட்டு எண்ணையும் தெருப்பெயரையும் பிழையின்றிப் பதிவு செய்திருக்கவேண்டும். ஈரோடு மாவட்டத்திலும் ஒரு சிவகிரி இருப்பதால், அஞ்சல் குறியீட்டு எண்ணை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.